டாலர் ஏறினால் ஆம்பூரில் முதலில் எந்தக் கணக்கைப் பார்ப்பது

டாலர் விலை ஏறுகிறது என்று செய்தி வந்தால் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எக்ஸ்போர்ட்காரங்களுக்கு நல்லதுதானே சார்?" ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பேங்க் டாக்குமென்ட் வேலை என்னுடையது. எல்.சி. (பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக்கடிதம்), இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், ஃபார்வர்டு கான்ட்ராக்ட் (வரப்போகும் டாலரை இன்ன ரேட்டில் தருகிறேன் என்று வங்கியோடு முன்கூட்டியே போடும் ஒப்பந்தம்) எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். டாலர் சாதாரணமாக ஏறுவது வேறு. உலகத்தில் எங்கோ பணநெருக்கடி வெடித்து அதனால் ஏறுவது வேறு. இரண்டாவது வகை என்று தெரிந்தால் ரேட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், நாளைப் பாருங்கள். வரவேண்டிய பணம் எத்தனை நாள் தள்ளி வருகிறது என்பதில்தான் நெருக்கடி முதலில் தெரியும்.

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கம் சின்ன யூனிட் நடத்துபவர்களுக்கும், கம்பெனிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. தோல் தொழிலின் கஷ்டநஷ்டம் பிரியவில்லை.

எங்கோ நடப்பது நம்மை ஏன் அடிக்கிறது

2008 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. தப்பு நடந்தது அமெரிக்க வீட்டுக்கடனில். நியாயப்படி டாலர்தான் விழுந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். அந்த வருடத் தொடக்கத்தில் 39, 40 ரூபாயில் இருந்த டாலர், அடுத்த மார்ச்சில் 50-ஐத் தாண்டி நின்றது. அங்கே நஷ்டப்பட்ட முதலீட்டு நிறுவனங்களுக்கு உடனே ரொக்கம் வேண்டும். வில்லங்கத்தில் கிடக்கும் நிலத்தை யாரும் அவசரத்துக்கு விற்க முடியாது, கழுத்தில் கிடக்கும் செயினைத்தான் விற்பார்கள். அப்படி மும்பையிலும் சியோலிலும் சாவ் பாலோவிலும் வாங்கி வைத்திருந்த பங்குகளை விற்று, கிடைத்த உள்ளூர்ப் பணத்தை டாலராக மாற்றி எடுத்துப் போனார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் டாலர் கேட்டால் விலை ஏறத்தானே செய்யும்.

2013-ல் யாரும் திவாலாகக்கூட இல்லை. மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, கடன்பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று கோடி காட்டினார், அவ்வளவுதான். 55 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. மார்கன் ஸ்டான்லி நிறுவனம் 'நொடிந்துபோகக்கூடிய ஐந்து நாடுகள்' என்று அப்போது போட்ட பட்டியலில் பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்காவோடு நாமும் இருந்தோம். ஐவருக்கும் பொதுவான வியாதி, வெளியே அனுப்புவதைவிட வெளியிலிருந்து வாங்குவது அதிகம், அந்தப் பள்ளத்தை அடைப்பது அந்நிய முதலீடு. 2012-13-ல் நம் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம்.

அதனால் வெளியே பார்க்க வேண்டியது இரண்டு எண்கள் போதும். ஒன்று, இந்தப் பற்றாக்குறை. இன்னொன்று, ரிசர்வ் வங்கி வாராவாரம் வெள்ளிக்கிழமை வெளியிடும் அந்நியச் செலாவணிக் கையிருப்பு. கையிருப்பில் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம், எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்று பாருங்கள். 1991-ல் அது சில வாரங்களுக்குச் சுருங்கித்தான், ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. டி.வி.யில் பங்குச்சந்தை சரிவதைக் காட்டுவதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

ஒரு பில்லை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

புரிவதற்காக உருண்டை எண்களில் சொல்கிறேன். 50,000 டாலர் பில். ரேட் 80 என்றால் 40 லட்சம். நெருக்கடியில் 84 ஆகிறது, 42 லட்சம். இரண்டு லட்சம் லாபம் என்று முதலாளி சிரிப்பார்.

ஐரோப்பாவில் இருக்கும் பையருக்கும் (நம் சரக்கை வாங்குபவர்) இந்திய ரூபாய் ரேட் தெரியும். "உங்களுக்கு இப்போது அதிகம் கிடைக்கிறதே, 3 சதவீதம் குறையுங்கள்" என்று மெயில் போடுவார். போயிற்று 1,26,000. மிச்சம் 74,000. அப்புறம், 60 நாளில் தர வேண்டிய பணத்தை 120 நாளில் தருகிறேன் என்பார். பேக்கிங் கிரெடிட் (சரக்குத் தயாரிக்க வங்கி தரும் ஏற்றுமதிக் கடன்) 32 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், கூடுதல் 60 நாளுக்கு 52,000 ரூபாய்ச் சொச்சம் வங்கிக்கு. இன்னும் இருக்கிறது. லைனிங், கெமிக்கல், வெட் ப்ளூ (பாதி பதனிட்ட) தோல் என்று இறக்குமதிச் சரக்கு 12 லட்சத்துக்கு இருந்தால் அதுவும் 5 சதவீதம் ஏறும், 60,000. கூட்டிக் கழித்தால் சுமார் 39,000 ரூபாய் கைநஷ்டம். ரேட் ஏறிய பிறகு வந்த நஷ்டம் இது.

உங்கள் யூனிட்டுக்கு இதே நான்கு வரியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏறிய ரேட்டில் வரும் வரவு, பையர் கேட்கும் தள்ளுபடி, கூடுதல் நாளுக்கு வட்டி, இறக்குமதிச் செலவு. நான்கில் மூன்றாவதுதான் சத்தமில்லாமல் தின்னும். ஷிப்மென்ட்டை இரண்டு வாரம் தள்ளச் சொல்லி வரும் மெயில், சாம்பிளுக்கு ஓ.கே. சொல்லாமல் இழுப்பது, இதுவரை டி.பி.யில் (பணம் கட்டி) டாக்குமென்ட் எடுத்தவர் திடீரென்று 90 நாள் டி.ஏ. (இப்போது எடுத்துக்கொண்டு பிறகு கட்டும் கெடு) கேட்பது, இவையெல்லாம் பேப்பரில் செய்தி வருவதற்கு முன்பே உங்கள் மேசைக்கு வந்துவிடும். பிரியாணிக் கடைக் கூட்டத்தை வைத்து ஊர் நிலவரத்தைக் கணிக்காதீர்கள், அது எந்த நெருக்கடியிலும் குறைந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு நாட்டின் பணம் விழுவதும் நம் விலையை இழுக்கும். 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து பாட் நாணயத்தை மிதக்க விட்டது, அதாவது ரேட்டைப் பிடித்து வைக்காமல் சந்தையிடம் விட்டது. அங்கிருந்து பரவிய நெருக்கடியில், டாலருக்கு 2,400 என்றிருந்த இந்தோனேசிய ருபியா சில மாதங்களில் 10,000-ஐத் தாண்டிவிட்டது. இந்தோனேசியாவும் ஷூ ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கே கூலி டாலர் கணக்கில் கால்பங்கானால் பையர் நம்மிடம் எந்த விலையைக் காட்டிப் பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ரூபாயை மட்டும் பார்க்காமல் வியட்நாம், இந்தோனேசியா நாணயங்களையும் ஒரு கண் பார்த்துவிட்டு விலைபேச உட்காருங்கள்.

டாலர் கடன் வாங்கியவர்கள் கவனிக்க

தாய்லாந்தை உண்மையில் சாய்த்தது டாலர் கடன். கம்பெனிகள் கடன் வாங்கியது டாலரில், வருமானம் பாட்டில். 25 பாட்டுக்குக் கிடைத்த டாலர் அடுத்த ஜனவரியில் 50-க்கு மேல் போனபோது, ஒன்றுமே செய்யாமல் கடன் இரண்டு மடங்கானது.

ஏற்றுமதி செய்கிறவருக்கு இந்த ஆபத்து இல்லை, டாலரில் வாங்கி டாலரில் கட்டுகிறோம் என்று வங்கியில் சொல்வார்கள். பில் வரும்வரை அது சரி. ஆர்டர் கேன்சலானால்? டாலரில் எடுத்த பேக்கிங் கிரெடிட்டை ஏற்றுமதி வரவில் கழிக்க முடியாது. ஏறிய ரேட்டில், அதுவும் வங்கி விற்கும் ரேட்டில், ரூபாய்க் கடனாக மாற்றுவார்கள், கூடவே அபராத வட்டி. ஃபார்வர்டு போட்டிருந்தால் இரண்டாவது அடி. 80-க்கு டாலர் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம், டாலர் வரவில்லை, சந்தை 84, வித்தியாசம் நம் கையிலிருந்து. டாலர் ஏறுவதும் ஆர்டர் கேன்சலாவதும் ஒரே காரணத்தால் ஒரே மாதத்தில் நடப்பவை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

2007-ல் ரூபாய் வலுத்துக்கொண்டே போனது. இன்னும் வலுக்கும் என்று பயந்து, புரியாத டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் (ரேட்டின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் போடும் சிக்கலான ஒப்பந்தங்கள்) கையெழுத்துப் போட்ட ஏற்றுமதியாளர்கள் திருப்பூர், கோவைப் பக்கம் வங்கிகளோடு நீதிமன்றம் வரை போனார்கள். என் கணக்கு இதுதான்: ஆர்டர் கன்ஃபர்ம் ஆனதில் பாதிக்கு, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் ஃபார்வர்டு. சாதா ஃபார்வர்டு தவிர வேறு எதுவாக இருந்தாலும், மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

எல்.சி. டாக்குமென்ட்டில் ஒரு எழுத்து

நல்ல காலத்தில் டாக்குமென்ட்டில் சின்னத் தப்பு இருந்தால் பையரே "பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறோம்" என்று அவருடைய வங்கிக்குச் சொல்லிவிடுவார். கெட்ட காலத்தில் அதே தப்பு தள்ளுபடி கேட்க ஒரு பிடி. எல்.சி. விதிப்படி டாக்குமென்ட்டைச் சோதிக்க வங்கிக்கு ஐந்து வேலைநாள் உண்டு. அதற்குள் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் பணம் தரவேண்டிய கட்டாயம் போய்விடும். எனவே செய்தி சரியில்லை என்று தெரிந்த நாளிலிருந்து இன்வாய்ஸில் சரக்கு விவரத்தை எல்.சி.யைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எல்.சி.யில் 'கவ் லெதர் ஷூ அப்பர்ஸ்' என்று இருந்தால் அதேதான் வேண்டும், நாமாக அழகுபடுத்த வேண்டாம். பில் ஆஃப் லேடிங் (சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீது) தேதி கடைசி ஷிப்மென்ட் தேதியைத் தாண்டக் கூடாது. எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால் சரக்கு ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள் வங்கியில் கொடுத்தாக வேண்டும். நான் ஒருவர் டைப் அடிக்க இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க வைப்பேன். மற்ற மேசைக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எல்.சி. இல்லாத பையர் என்றால் இ.சி.ஜி.சி. பாலிசியை (பையர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் ஏற்றுமதிக் காப்பீடு) நெருக்கடி நேரத்தில் செலவு என்று நிறுத்திவிடாதீர்கள். பழைய பாக்கி வைத்திருப்பவருக்கு மறுபடியும் சரக்கு ஏற்றினால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஜாப் ஒர்க் (கம்பெனிக்காகக் கூலிக்குச் செய்து தரும் வேலை) செய்பவர்களுக்கு

வெளிநாட்டு பையர் 60 நாள் தள்ளினால், கம்பெனி ஜாப் ஒர்க்காரரை 60 நாள் தள்ளும், அவர் தையல் ஆட்களின் வாரக்கூலியைத் தள்ளுவார். டாலரைப் பார்த்தே இராத அக்காவுக்குத்தான் கடைசி அடி. இதில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ன் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். கெடு தாண்டிய தொகையை, கொடுத்து முடிக்கும் வரை செலவாகக் காட்டி வரிவிலக்குப் பெற முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். "பாய், உங்க ஆடிட்டர் மார்ச்ல கேட்பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாதிப்பேருக்கு வேலை நடக்கும்.

வீட்டுக் கணக்கு

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நின்றால் அதுதான் உங்களுக்கான அறிவிப்பு. ஆள் குறைப்புக்கு முன்னால் ஓ.டி. நிற்கும், அப்புறம் சனிக்கிழமை லீவு வரும், அப்புறம்தான் மற்றது. ஓ.டி. பணத்தை நம்பிப் போட்ட சீட்டு இருந்தால் அப்போதே நடத்துபவரிடம் பேசிவிடுங்கள்.

நகைக்கடன் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெருக்கடியில் டாலரும் ஏறி தங்கமும் ஏறினால் கிராமுக்கு அதிகம் கிடைக்கும், அதே நகைக்கு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். தங்கம் எப்போதும் ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2013-ல் ரூபாய் விழுந்த அதே வருடத்தில், அவுன்ஸ் 1,600 டாலருக்கு மேல் தொடங்கிய தங்கம் ஜூன் கடைசியில் 1,200 பக்கம் வந்தது. ரூபாய் விழுந்ததும் இறக்குமதி வரி 10 சதவீதம் ஆனதும்தான் இங்கே அந்தச் சரிவை மறைத்தன. கூடுதல் கடன் பள்ளிக்கட்டணத்துக்கு என்றால் சரி, பழைய வட்டியைக் கட்ட என்றால் வேண்டாம்.

தோலோடு சம்பந்தமில்லை என்பவர்களும் வேலூர் காந்தி ரோட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளுக்காகப் பெயர்ப் பலகையில் வங்க எழுத்து வைத்திருக்கும் லாட்ஜுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. 2022-ல் பங்களாதேஷ் டாக்கா டாலருக்கு 86-லிருந்து 100-ஐத் தாண்டியது. நம் ரூபாயும் அந்த வருடம் விழுந்ததால் அவர்களுக்கு அடி கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் அதே வைத்தியத்துக்கு, அதே ரூமுக்கு, அதிக டாக்கா. லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் டாக்காவுக்கும் ரூபாய்க்கும் உள்ள ரேட்டை மாதம் ஒருமுறையாவது பார்த்துவிட்டு வாடகை ஏற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

சலுகையைக் கேட்டு வாங்குவது

நெருக்கடி முற்றினால் அரசும் ரிசர்வ் வங்கியும் நாளைத்தான் நீட்டிக் கொடுப்பார்கள். 2008 நவம்பரில் ஷிப்மென்ட்டுக்கு முந்தைய கடனின் சலுகைக் காலத்தை 180 நாளிலிருந்து 270 ஆக்கினார்கள். டிசம்பரில் தோல் உள்ளிட்ட தொழில்களுக்கு 2 சதவீத வட்டி மானியம் வந்தது. 2020-ல் ஏற்றுமதிப் பணம் வந்து சேரவேண்டிய 9 மாதக் கெடு 15 மாதமானது. இதெல்லாம் தானாக உங்கள் கணக்கில் வந்து உட்காராது. அறிவிப்பு வந்த வாரமே, எந்தெந்த பில், எத்தனை நாள், எந்தச் சுற்றறிக்கை என்று எண்ணோடு ஒரு கடிதம் எழுதுங்கள். கிளையில் "இன்னும் எங்களுக்கு ஆர்டர் வரலையே" என்பார்கள். ரிசர்வ் வங்கி தளத்திலிருந்து எடுத்த பிரிண்ட்டைக் கடிதத்தோடு பின் அடித்துக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பின்னால் அபராத வட்டியைத் திருப்பிக் கேட்கும்போது அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு எடுப்பார்கள்.