மாணவர் கையில் ஊசி கொடுக்கும் முன்

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து காயத்துக்குத் தையல் போடும் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு எடுத்த எடுப்பில் உயிருள்ள ஆடு வேண்டாம். கறிக்கடையில் ஆட்டு இரைப்பை ஒன்றும் ஒரு சாண் தோலும் வாங்குங்கள். தோலுக்கு வெட்டுமுனை ஊசி, இரைப்பைக்கு வெட்டு விளிம்பில்லாத உருண்டை ஊசி. தைத்த இரைப்பையில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தால் எந்தத் தையல் கசிகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

முதலில் பேசாமல் செய்து காட்டுங்கள். அடுத்து, விளக்கிக்கொண்டே செய்யுங்கள். பிறகு மாணவர் சொல்லச் சொல்ல உங்கள் கை செய்யட்டும். நாலாவதாகத்தான் அவர் கை. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு எது புரியவில்லை என்பது அங்கேதான் வெளியே வரும்.

ஊசியை முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, இடுக்கியின் நுனியால் பிடிக்க வேண்டும். தோலில் செங்குத்தாக இறக்கி மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். நேராகத் தள்ளினால் ஊசி வளையும். காயத்தின் விளிம்பிலிருந்து அரை செ.மீ., தையலுக்குத் தையல் ஒரு செ.மீ. முடிச்சை அளவுக்கு மீறி இறுக்கினால், வீக்கம் வந்ததும் நூல் தோலை அறுக்கும்.

மரப்பு மருந்தில் கவனம். 20 கிலோ எடையுள்ள கன்னி இன ஆட்டுக்கு 2 சதவீத லிக்னோகெயின் மொத்தம் 5 மில்லிக்குள் நிற்கட்டும்; மீறினால் வலிப்பு வரலாம். போதாவிட்டால் சம அளவு சலைன் கலக்கலாம். மாணவர் கணக்கை உரக்கச் சொன்ன பிறகே சிரிஞ்சு.

ரத்தம் பீறிட்டால், ஆட்டுக்காரர் முன்னால் "என்னல பண்ணுத?" என்று கத்தாதீர்கள், பதறிய கை இன்னும் நடுங்கும். "துணியை வச்சு அழுத்துங்க தம்பி" போதும்.