புதிய விவசாயிகளுக்குக் கைகொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விவசாயம் பார்க்கலாம் என்று இறங்குபவர்களும், அப்பா பார்த்த காட்டைத் தொடர்ந்து பார்க்க வருகிற பிள்ளைகளும் இப்போது நிறையப் பேர். பயிற்சி கொடுக்கவும் வேளாண் அறிவியல் நிலையம், தோட்டக்கலைத் துறை, தன்னார்வ நிறுவனங்கள் என்று ஆட்கள் இருக்கிறார்கள். இருந்தும் ரெண்டே வருஷத்தில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறோம். விளைய வைக்கத் தெரியாமல் போனவர்கள் அதில் குறைவுதான் என்பது என் எண்ணம். விளைந்ததை வைத்து எப்படிப் பிழைப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் தவறு, பயிற்சியை ஒரே நாளில் முடித்துவிடுவது. மண்டபத்தில் உட்கார வைத்துப் படம் காட்டி, சாப்பாடும் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டால், நாற்பதாவது நாளில் இலை சுருளும்போது அந்த ஆள் யாரைக் கேட்பார்? உரக்கடைக்காரரைத்தான். அவர் ரெண்டு பாட்டில் எடுத்துக் கொடுப்பார். இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1989ல், உழவர் வயல்வெளிப் பள்ளி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாரம் ஒரு நாள் வயலில் கூடி, தூரில் எத்தனை பூச்சி, அதைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று எண்ணிப் பார்த்து, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று விவசாயிகளே முடிவெடுப்பார்கள். விதைப்பிலிருந்து அறுவடை வரை இது ஓடும். அந்த மாதிரி ஒரு பயிர்ப் பருவம் முழுக்கக் கூடவே இருப்பதுதான் பயிற்சி. மண் மாதிரி எடுப்பதைக்கூட படத்தில் காட்டிப் பிரயோஜனமில்லை. வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் எல்லாம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' மாதிரி குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைப்பதை ஒருமுறை கையால் செய்தால்தான் பதியும்.

அடுத்தது, எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: விலையை அறுவடைக்கு அப்புறம் யோசிப்பது. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரம் மாதிரி சந்தையில் 14 கிலோ பெட்டிக் கணக்கில் போகும். உதாரணத்துக்கு ஒரு பெட்டி 80 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். பறிப்புக் கூலி 25, வண்டி வாடகை 15, ஏற்று இறக்குக் கூலி 5, கமிஷன் பத்து சதவீதம் என்றால் 8. மிச்சம் 27 ரூபாய், அதாவது கிலோவுக்கு ரெண்டு ரூபாய்கூடத் தேறவில்லை. நாற்று, உரம், மருந்து, களையெடுப்பு எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். அதனால்தான் சில சமயம் பறிக்காமலே மாட்டை விட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கைப் பயிர் வைப்பதற்கு முன்னால், மோசமான விலையை வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பயிற்சியில் ஒரு நாளை விடியற்காலைச் சந்தைக்கு ஒதுக்குங்கள், ஏலம் எப்படி நடக்கிறது, எந்தக் காயைக் கழிக்கிறார்கள் என்று நின்று பார்க்கட்டும். முருங்கை மார்கழியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுவதும் கோடையில் காய் குவிந்து அடிமாட்டு விலைக்கு இறங்குவதும் திரும்பத் திரும்ப நடப்பதுதான். மார்கழி விலையை வைத்து வருஷ வருமானத்தைப் பெருக்கிக் காட்டுகிற வீடியோக்களை நம்பி முழு நிலத்திலும் முருங்கை வைக்க வருபவரைப் பாதி நிலத்தோடாவது நிறுத்துங்கள்.

வரவு செலவு நோட்டில் இன்னொரு ஓட்டை உண்டு. வெளியாள் கூலியை எழுதுவார்கள், வீட்டு ஆட்களின் உழைப்பை எழுத மாட்டார்கள். கணவனும் மனைவியும் நாலு மாசம் காட்டிலேயே கிடந்து, கடைசியில் 'முப்பதாயிரம் லாபம்' என்கிறார்கள். ரெண்டு பேருக்கும் நாள் கூலி போட்டுப் பார்த்தால் அது நஷ்டமாகக்கூட இருக்கலாம்.

நிலம் வாங்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து ஒரு வருஷம் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கச் சொல்லுங்கள். மழை முடிந்த கார்த்திகையில் எந்த நிலமும் பச்சையாகத்தான் இருக்கும், கிணற்றைச் சித்திரையில் எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரை உப்புக்குச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்து, வண்டிப் பாதைக்கும் கிணற்றுப் பங்குக்கும் பத்திரத்தில் வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இலவச மின் இணைப்புக்கும் பல வருஷம் காத்திருக்க வேண்டி வரலாம்.

மானியத்தைப் பார்த்துப் பயிரையோ இயந்திரத்தையோ முடிவு செய்வதும் தவறு. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது, அதைக் கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் பவர் டில்லர் மானியத்தில் கிடைக்கிறது என்பதற்காக ரெண்டு ஏக்கர்காரர் கடன் வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாம். 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று வருபவர்களிடம் ரொம்பவே கவனம் தேவை. 2012ல் பெருந்துறைப் பக்கம் இப்படிச் சொன்னவர்களை நம்பி ஈமு கோழியில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன! வாங்குகிறவர் ஒரே ஆள், வெளிச்சந்தையே இல்லை என்றால் அங்கேயே எழுந்துவிட வேண்டும்.

இயற்கை விவசாயத்துக்கு முதல் வருஷமே கூடுதல் விலை கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வருவதும் நியாயமில்லை. ஏற்றுமதிக்குச் செல்லும் சான்றளிப்பு முறையில் ஒரு பருவப் பயிருக்கு ரெண்டு வருஷம், மரப்பயிருக்கு மூன்று வருஷம் மாற்றக் காலம் இருக்கிறது, அதாவது ரசாயனத்தை நிறுத்திய பிறகு சான்றுக்காகக் காத்திருக்கும் காலம். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? ஒரு மாடு, கொஞ்சம் கீரை, கோழி என்று வாராவாரம் காசு வருகிற ஏதாவது ஒன்றைச் சேர்த்துத் திட்டம் போட்டுக் கொடுங்கள்.

விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இதே கோளாறு. 10,000 நிறுவனங்கள் உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020ல் வந்தது, நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்துக்கு உதவி என்று வைத்தார்கள். பங்குத்தொகை திரட்டிப் பதிவு செய்யும் வேகம், எதை யாருக்கு விற்கப்போகிறோம் என்பதில் இல்லாவிட்டால், உதவி நின்றதும் பூட்டுத்தான்.

கடைசியாக, யாரைக் கூப்பிடுகிறோம் என்பது. பட்டா பெரும்பாலும் ஆண் பேரில் இருப்பதால் அழைப்பும் அவருக்கே போகிறது. களையெடுப்பது, பறிப்பது, தரம் பிரிப்பது, மாடு பார்ப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள். காலை பதினோரு மணிக்கு மாவட்டத் தலைநகரில் வைத்தால் அவர்களால் வர முடியாது. ஊரிலேயே, சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி வையுங்கள். கணக்கு நோட்டையும் அவர்கள் கையில் கொடுங்கள்.