ஆடியில் மட்டக்களப்பு: பிள்ளைகளோடு வருபவர்களுக்கு

விமான டிக்கெட் போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்து வந்தாலும் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது யூலை, ஓகஸ்டில்தான். மட்டக்களப்பில் ஊர் கூடி நடத்தும் விழாக்கள் பலவும் அந்த நாட்களில்தான் வருகின்றன. ஆனால் அவை அமாவாசையையும் பூரணையையும் வைத்து வருபவை. வருடத்துக்கு வருடம் இரண்டு மூன்று கிழமை முன்பின்னாகும். எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும் ஆடி அமாவாசை 2026இல் ஓகஸ்ட் 12ஆம் திகதி, 2027இல் ஓகஸ்ட் 2ஆம் திகதி. அதற்குப் பத்து நாள் முன்னதாகவே ஊரில் இருக்கும்படி வந்து இறங்குங்கள்.

எங்கள் வீட்டுக்கு வருடந்தோறும் யாராவது வருகிறார்கள். பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: கொழும்பில் உடுப்புக் கடைகள், கண்டி, நுவரெலியா, எல்ல, பிறகு பாசிக்குடா ஹோட்டலில் இரண்டு இரவு. மிஞ்சிய நாட்களில் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, பிஸ்கட், "புள்ள தமிழ் கதைக்குமா?" என்ற கேள்வி. பிள்ளை ஃபோனை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்துவிடும். இதில் பிள்ளையின் குறை ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்காத இடத்தில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். இங்கே பிள்ளைகள் இறங்கிச் செய்வதற்கு நிறைய உண்டு. அதற்கு நாட்கள் வேண்டும். மலைநாட்டுச் சுற்றுலாவைக் குறைத்து, ஒரே வீட்டில் பத்து நாளாவது தங்குங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் கொழும்புக்குப் போக வேண்டிய தேவை பலருக்கு இல்லை. வான் பிடித்தால் குருநாகல், தம்புள்ள, ஹபரண, பொலன்னறுவை, வெலிக்கந்தை வழியாக நேரே வந்துவிடலாம். பகலில் வாருங்கள். ஹபரணைக்கு இப்பால் இரவில் யானைகள் வீதியைக் கடக்கும். தூக்கக் கலக்கத்தில் வாகனம் ஓட்டுபவருக்கு அது நல்லதல்ல.

வெயிலும் கச்சான் காற்றும்

இந்த மாதங்களில் இங்கே கச்சான் காற்று அடிக்கும். மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்கும் காற்று. காலை பத்து மணிக்கே முகத்தைச் சுடும். ஊரில் இருப்பவர்கள் விடியக் காலையிலும் பின்னேரத்திலும் அலுவல் பார்த்துவிட்டு, நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் விட்டுவிடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு நாலு மணி வரை பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டு திரியாதீர்கள். பாமசியில் ஜீவனி பக்கற் (உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கும் தூள்) சில வாங்கி வையுங்கள். நுளம்புக்குப் பூசும் கிறீமை மறக்கவேண்டாம். டெங்கு மழைக்காலத்தோடு நின்றுவிடும் நோய் அல்ல.

நேர மாற்றத்தால் முதல் சில நாட்கள் பிள்ளைகள் கண்ட நேரத்தில் விழிப்பார்கள். விடியப்புறம் விழித்தால் மறுபடி படுக்க வைக்கப் போராடாமல் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப் போங்கள். பழைய இரும்புப் பாலத்தில் நின்றால் வாவியில் தோணிகளையும், வலை வீசுபவர்களையும், மீன் வாங்கக் காத்து நிற்பவர்களையும் பார்க்கலாம். பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து, விலை கேட்டு இறால் வாங்கச் சொல்லுங்கள். தமிழ் வகுப்பில் ஒரு மாதத்தில் வராத தமிழ் அங்கே வரும்.

மாமாங்கம்

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் நகரத்திலிருந்து ஓட்டோவில் போகும் தூரம்தான். கொடியேறிப் பத்தாம் நாள் கோயில் குளத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம். அந்தப் பத்து நாளும் பின்னேரமானால் நகரம் மாமாங்கத்தை நோக்கியே நடக்கும். வீதியின் இரு பக்கமும் கச்சான் (நிலக்கடலை) கடை, தொதல், பூந்தி, வளையல், மண்பானை, விளையாட்டுச் சாமான் என்று கடைகள் நிறையும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு.

கிழக்கிலங்கைக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஓர் ஊருக்கோ குடிக்கோ உரியதாக இருக்கும். குடி என்பது தாய்வழியாக வரும் குலம். ஆகவே புறப்படுவதற்கு முன்னமே அம்மம்மாவிடம் கேட்டு வையுங்கள்: நாங்கள் என்ன குடி, எந்த ஊர், எங்கள் திருவிழா எந்தக் கோயிலில் எத்தனையாம் நாள்? உங்கள் நாள் எதுவென்று தெரிந்தால் அன்றைக்குக் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள். பூக் கட்டுவது, தேங்காய் உரிப்பது, வாழையிலை துடைப்பது, தண்ணீர்ப்பந்தலில் சர்க்கரைத் தண்ணி ஊற்றுவது, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது என்று ஆளுக்கொரு வேலை இருக்கும். அன்றைய திருவிழாவைப் பொறுப்பெடுத்து நடத்தும் உபயகாரரிடம் "பிள்ளைகளும் நிக்கிறாங்க, ஒரு வேல குடுங்க மாமா" என்று சொன்னால் போதும். நன்கொடைக் காசை மட்டும் நீட்டிவிட்டு நிழலில் கதிரை தேடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். காசும் தேவைதான். ஆனால் பிள்ளை வாளி தூக்கிப் பரிமாறிய சோற்றை நாலு பேர் சாப்பிட்டால், அந்த ஊர் அதற்குச் சொந்தமாகிவிடும்.

தீர்த்த நாளன்று தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் கொடுப்பார்கள். யாருக்காகக் கொடுக்கிறீர்களோ அவர்களின் பெயர், இறந்த திதி இரண்டையும் எழுதிக் கொண்டு வாருங்கள். சனத்துக்குள் நின்று வெளிநாட்டுக்கு ஃபோன் எடுத்துக் கேட்பது கஷ்டம். விடிய வேளைக்கே போனால் குருக்கள் மாரிடம் நெரிசல் குறைவு. வீட்டில் அன்றைக்கு மரக்கறிச் சாப்பாடு, அதில் காத்தோட்டிக்காய் பொரியல் கட்டாயம். கைக்கும். பிள்ளைகள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

இந்த மாவட்டத்தில் போரிலும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் தகப்பனை இழந்த வீடுகள் ஏராளம். உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பெயர் மட்டுமே தெரிந்த ஒரு தாத்தாவைப் பற்றி, ஒரு பெரியப்பாவைப் பற்றிப் பேசுவதற்கு அந்தக் குளக்கரையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தீர்த்தத்துக்குப் போவதற்கு முதல் நாள் இரவே வீட்டில் கதையைச் சொல்லிவிடுங்கள். அங்கே அழுபவர்களைப் பார்த்துப் பிள்ளை பயப்படாது.

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலும் அதே நாள்தான் தீர்த்தம், அங்கே கடலில். அம்பாறைப் பக்கத்துக் குடும்பங்கள் தம்பிலுவில், அக்கரைப்பற்று, காரைதீவு என்று எங்கே இருந்தாலும் அங்கேதான் கூடுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஓடாதீர்கள். உங்கள் சொந்தம் எங்கே போகிறதோ அங்கே போங்கள்.

மற்ற விழாக்கள்

யூலையில் வருபவர்கள் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களைக் காணலாம். வடக்கிலிருந்து புறப்பட்டுக் கரையோரமாக நம் ஊர்களைத் தாண்டி, உகந்தை முருகன் கோயிலில் கூடி, அங்கிருந்து குமண, யால காட்டுக்குள் இறங்குவார்கள். வழியில் அவர்களுக்குச் சோறும் மோரும் கொடுக்கும் வீடுகள் உண்டு; சேர்ந்துகொள்ளுங்கள்.

மண்டூர் முருகன் கோயில் தீர்த்தம் ஆவணிப் பூரணையில் வரும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரோட்டம் பெரும்பாலும் செப்டெம்பரில்தான். ஆயித்தியமலை மாதா கோயில் பெருநாளும் செப்டெம்பர் தொடக்கத்தில் வரும். நகரத்திலிருந்து இரவிரவாக நடந்து போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாதவர்கள், அல்லது அம்மா அப்பாவை மட்டும் கூட்டி வருபவர்கள், அந்த மாதத்துக்குப் பயணத்தை வைப்பது நல்லது.

ஊர்ப்புறத்து அம்மன் சடங்கு பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். பறை, உடுக்கு, வேப்பிலை, சடங்கை நடத்தும் கட்டாடியாரின் மந்திரம், தெய்வம் ஏறி ஆடுபவர்கள் என்று பிள்ளைகள் முன்பு கண்டிராத உலகம். என்ன நடக்கும் என்று முதலே சொல்லி வையுங்கள். தெய்வம் ஆடுபவரின் முகத்துக்கு நேரே ஃபோனைப் பிடிக்க விடாதீர்கள். ஆண்கள் வேட்டியோடு போங்கள். பல கோயில்களில் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். பதின்ம வயதுப் பையன்களுக்கு இது கூச்சமாக இருக்கும். அவர்கள் வயதுடைய மச்சான் ஒருவனைத் துணைக்கு அனுப்புங்கள்.

கூத்துக்குத் தனியாக விசாரிக்க வேண்டும். வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகைகள் இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கும் மாவட்டம் இது. சீலாமுனையிலும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. களரி (கூத்து ஆடும் அரங்கு) எப்போது என்று அங்கே கேட்டால் தெரியும். விடிய விடியக் கூத்துப் பார்க்கப் பிள்ளைகளால் முடியாது, தேவையும் இல்லை. பழகும் நாட்களில் போய் இருப்பதே மேல். மத்தளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாளக்கட்டைச் சொல்லி, இரண்டு அடி ஆடிப் பார்க்க அண்ணாவியார் மறுக்கமாட்டார். மேடை நிகழ்ச்சியில் இந்த வாய்ப்பு கிடையாது.

விளையாட்டில் விருப்பமுள்ள பிள்ளையா? ஊர் விளையாட்டுக் கழகத்தின் மைதானத்துக்குப் பின்னேரம் அனுப்புங்கள். நகரத்தில் வெபர் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்கிய இயேசு சபைக் குரு ஒருவரின் பெயர் அது.

கடலும் வாவியும்

பாசிக்குடாவில் கடல் ஆழமில்லை, அலை இல்லை. நீந்தத் தெரியாத பிள்ளையும் வெகு தூரம் நடந்து போகலாம். வாரக் கடைசியில் பல இடங்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். கிழமை நாளில், காலை ஏழு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்புங்கள். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். அங்கே தங்க வேண்டியதில்லை. கல்லடிக் கடற்கரை பின்னேரத்தில் காற்று வாங்கவும் சோளம் தின்னவும் நல்லது, குளிக்க வேண்டாம். அது திறந்த கடல். அறுகம்பை பெரிய பிள்ளைகளுக்கு. அலைச்சறுக்கு இந்த மாதங்களில்தான் களைகட்டும், பழக்குபவர்களும் இருக்கிறார்கள்.

வாவியில் படகுக்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போங்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீடு, கண்டல் காடு, முகத்துவாரம் எல்லாம் ஒரே பயணத்தில் வரும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். அதைக் கேட்க வேண்டுமென்றால் பூரணையை ஒட்டிய இரவில், காற்று விழுந்த பிறகு, கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போக வேண்டும். துடுப்பை நீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதில் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கேட்காது. பிள்ளைகளிடம் அதையும் சொல்லியே கூட்டிப் போங்கள்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை அந்த இடத்தில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் படுவான்கரைக்குப் போனார்கள். இப்போது நினைத்த நேரம் போய் வரலாம். சிறுபோக அறுவடை நடக்கும் காலம் என்பதால் வட்டைக்கு (வயல்வெளிக்கு) போனால் வெட்டும் இயந்திரம், நெல் காயவிடும் வீதி, எருமைப் பட்டி எல்லாம் பார்க்கலாம். எருமைத் தயிர் அங்கேயே சட்டியோடு வாங்குங்கள். ஐந்து மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். பொழுதுபட்டால் யானை வரும் ஊர்கள் அவை. அங்குள்ளவர்கள் சொன்னால் தட்டாமல் கேளுங்கள்.

நகரத்துக்குள் ஒரு காலைப் பொழுது போதும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, காந்தி பூங்கா, 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, எல்லாம் நகரின் நடுப்பகுதியான புளியந்தீவுக்குள் நடக்கும் தூரத்தில். பாலம் கடந்தால் கல்லடியில் விபுலாநந்த அடிகளின் சமாதி. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயமும் நகரத்தில்தான். அங்கே இறந்தவர்களில் பிள்ளைகளும் உண்டு. போனால் படம் எடுக்காமல் நின்றுவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டில் இந்தக் காலத்தில் மட்டும் கிடைப்பது பாலைப்பழம். சந்தையில் கண்ட இடத்தில் வாங்குங்கள், அடுத்த நாள் இருக்காது. காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் புரியாணி, முஸ்கற் இனிப்பு வாங்கப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும்.

கொண்டு போவதற்கு மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கலாம். நெசவு நடக்கும் வீட்டுக்குப் போய் வாங்கினால் பிள்ளைகள் தறியையும் பார்ப்பார்கள். கஜு வறுக்காமல் வாங்குங்கள், அதிக நாள் இருக்கும். தயிரை மட்டும் ஆசைப்பட்டுப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அமாவாசை முடிந்த கிழமையில் திரும்பிப் போகிறவர்கள் வானையோ ரயில், இரவு பஸ் இருக்கையையோ கொடியேற்றத்துக்கு முன்பே பதிந்து விடுங்கள். விமானம் எத்தனை மணிக்கு இருந்தாலும் முதல் நாளே கட்டுநாயக்காப் பக்கம் போய்த் தங்குவது பிள்ளைகளுக்கு நல்லது.