வளிமுகம் கடந்த பிறகும் கடல் அடங்குவதில்லை: கடலோர முன்னறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பேசியில் வரும் வானிலை முன்னறிவிப்பில் பலரும் பார்ப்பது ஒரு சின்னப் படத்தை மட்டும்தான். மேகமும் துளியும் இருந்தால் வெளியே போக வேண்டாம், சூரியன் இருந்தால் போகலாம். ஊருக்குள் இருப்பவருக்கு இது ஓரளவு போதும். வசந்த காலத்தில் குளிர் வளிமுகம் ஒன்று கடந்து போகிற கடற்கரையில் இது போதவே போதாது. அங்கே சூரியன் படம் போட்டிருக்கும் நேரத்தில்தான் பலர் கடலில் சிக்கிக்கொள்கிறார்கள்.

வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றுத் திரளும் குளிர்ந்த காற்றுத் திரளும் சந்திக்கும் எல்லையைத்தான் வளிமுகம் என்கிறோம். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னஸும் அவர் மகன் ஜேக்கப்பும் அவர்களோடு பணியாற்றியவர்களும் இந்த எல்லைகளை ஆராய்ந்தார்கள். படைகள் எதிரெதிரே நிற்கும் போர்முனையை மனத்தில் வைத்து இதற்குப் பெயரிட்டதும் அவர்களே. குளிர்ந்த காற்று கனமானது. அது வெப்பக் காற்றுக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து அதை மேலே தள்ளும்போது மேகம் திரண்டு மழை கொட்டுகிறது, சில வேளை இடியும் மின்னலும் சேர்ந்துகொள்கின்றன. இப்படிக் குளிர்ந்த காற்று முன்னேறி வரும் எல்லைதான் குளிர் வளிமுகம்; வானிலை வரைபடத்தில் இதை முக்கோணங்கள் பதித்த நீலக் கோடாக வரைவார்கள். முக்கோணங்களின் முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக அது நகர்கிறது.

அந்தக் கோடு நம் இடத்தைத் தாண்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மழை விட்டுவிடும். காற்றழுத்தம் ஏறும். ஈரம் குறைந்து, தூரத்துக் கரைகூடத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அதே நேரத்தில் காற்று சட்டென்று திசை மாறியிருக்கும். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடமேற்குக்கும், தென் அரைக்கோளத்தில் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்கும் திரும்பும். பின்னால் வரும் குளிர்ந்த காற்று, வெயிலில் சூடேறிய தரையின் மேல் வரும்போது நிலைகொள்ளாமல் மேலும் கீழுமாகப் புரளும். உயரத்தில் ஓடும் வேகமான காற்றை அப்படியே தரைக்கு இறக்கும். நீல வானத்தின் கீழே விட்டுவிட்டு வீசும் அந்தப் பலத்த காற்றை எந்தச் சூரியன் படமும் சொல்லாது.

கடலுக்கோ இன்னும் நீண்ட நினைவு. முந்தைய காற்று பல மணி நேரம் வீசி எழுப்பிய அலைகள், காற்று மாறிய உடனே படுத்துவிடுவதில்லை. புதுக் காற்று வேறு திசையிலிருந்து வேறு அலைகளைக் கிளப்ப, இரண்டும் குறுக்கே மோதும். சிறு படகில் இருப்பவருக்கு ஒரே சீராக வரும் பெரிய அலையைவிட இந்தக் குழப்பமே அதிகத் தொல்லை. கரையில் நிற்பவருக்கோ உடைந்த அலைகளின் நீர் ஒடுங்கிய பாதையில் கடலுக்குள் திரும்பும்போது ஏற்படும் இழுப்பு காத்திருக்கிறது.

திசை மாற்றத்தை மறந்துவிட்டு, காலையில் பார்த்து வைத்த இடத்தை மாலைக்கும் நம்புவது இதோடு சேர்ந்த தவறு. காலையில் மறைவாக இருந்த குடா, மாலையில் காற்றுக்கு நேர் எதிரே நிற்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் கரையோரத் தண்ணீர் குளம் போலத் தட்டையாக இருக்கும். பிள்ளைகளைக் காற்று நிரப்பிய மிதவையில் உட்கார வைக்கத் தோன்றும். சில நிமிடங்களில் அந்த மிதவை நீந்திப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விடும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் மிதவையைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அது கடல் பக்கமாக வீசினால் மிதவையை வெளியிலேயே எடுக்க வேண்டாம்.

வெயிலை வைத்துத் தண்ணீரை எடைபோடுவதும் வசந்த காலத்துக்கே உரிய பிழை. தரை சில நாள் வெயிலில் சூடாகிவிடும், கடல் வாரக்கணக்கில் பின்தங்கும். குளிர் நாடுகளின் கரைகளில் காற்று 20 டிகிரி செல்சியஸைத் தொட்ட நாளிலும் நீர் 10 டிகிரியை ஒட்டியே இருக்கலாம். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாகவே இழுத்துக்கொள்ளும், இதயம் படபடக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். அப்போது கைகால் அடித்துக்கொள்ளாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்தால் மிதப்பது எளிது.

அதே குளிர்ந்த கடல்தான் வளிமுகம் வருவதற்கு முன்னால் மூடுபனியையும் கொண்டுவருகிறது. வெப்பமும் ஈரமுமான காற்று அதன் மேல் நகரும்போது குளிர்ந்து பனிமூட்டமாகிறது. சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கான முன்னறிவிப்பு வெயில் என்று சொல்லும், கரையில் எதிரே வருவது தெரியாது. ஆகவே பக்கத்து ஊரின் பக்கத்தைத் திறக்காமல் கடற்பகுதிக்கென்று வெளியிடும் அறிக்கையையே படியுங்கள்.

எண்களைப் படிப்பதிலும் ஏமாறுகிறோம். முன்னறிவிப்பில் பெரிதாகத் தெரிவது சராசரிக் காற்றின் வேகம். இடையிடையே வீசும் உச்ச வேகம் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும், படகை இறக்குமுன் அதைத்தான் பார்க்க வேண்டும். வீசும் காற்று தள்ளும் அழுத்தம் வேகத்தின் இருபடியாக ஏறுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால் தள்ளும் விசை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. கடல் அறிக்கையில் வேகம் ‘நாட்’ (knot) என்ற அலகில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 25 என்று பார்த்துவிட்டு அதைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 46 கிலோமீட்டர் காற்றில் போய் நிற்போம். அலை உயரமும் அப்படித்தான். ‘2 மீட்டர்’ என்பது அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சில மணி நேரத்துக்குள் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் ஓர் அலை வருவது அதிசயமில்லை.

நேரத்தையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ‘பிற்பகல் 3 மணிக்குக் கடக்கும்’ என்றால் அது ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் ஆகலாம். சில வளிமுகங்கள் கரையருகே வந்து மந்தமாகி நின்றுவிடுவதும் உண்டு. 2.50க்குக் கரையேறிவிடலாம் என்று திட்டமிடுவது அறிக்கை தராத துல்லியத்தை அதன்மேல் ஏற்றுவதாகும். கடல் வானிலை வரைபடங்களில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அறிக்கை எப்போது வெளியானது என்ற வரி மேலேயோ கீழேயோ சிறிய எழுத்தில் இருக்கும். நேற்று இரவு படித்த அறிக்கையோடு கிளம்பாதீர்கள், காலையில் புதிது வந்திருக்கும்.