மோசடி இணையதளத்தை முடக்க வைப்பது எப்படி? புகார் எழுதும் முறை, படிப்படியாக

போன மாதம் என் சித்தியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. வண்டிக்கு 500 ரூபாய் அபராதம் பாக்கி, இன்றே கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து, கீழே ஒரு லிங்க். கார்டு எண்ணைப் போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார், பணம் தப்பித்தது. ஆனால் அதே லிங்க் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. அன்றைக்கே புகார் அனுப்பினேன். "ஆதாரம் போதாது" என்று பதில் வந்தது. இரண்டாவது புகார் போன மறுநாள் காலை அந்தத் தளம் திறக்கவில்லை. இந்த இரண்டு புகாருக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? அப்படியென்றால் மற்றதெல்லாம் அப்புறம். முதலில் 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

படி 1: முகவரியை வலமிருந்து படியுங்கள்

சித்திக்கு வந்த முகவரி ஏறக்குறைய இப்படி இருந்தது: பரிவாகன்.ஜிஓவி.இன்.சலான்கட்டு.டாப். முதலில் கண்ணில் படுவது அரசாங்கப் பெயர். ஆனால் முதல் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, வலது கோடியிலிருந்து பார்க்க வேண்டும். கடைசி இரண்டு துண்டுகள், அதாவது சலான்கட்டு.டாப், இதுதான் காசு கொடுத்து வாங்கிய டொமைன், அதாவது தளத்தின் பதிவுப் பெயர். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் வாங்கியவர் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்வது. (கோ.இன் போன்ற முடிவு இருந்தால் மூன்று துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.) புகாரில் குறிப்பிட வேண்டியது இந்த டொமைனைத்தான்.

படி 2: ஆதாரம் சேருங்கள்

தளம் மறைவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட், முழு லிங்க், பார்த்த தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நேரத்தோடு இந்திய நேரம் என்றும் குறியுங்கள்.

பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க உங்கள் போனில் திறக்க வேண்டாம். யுஆர்எல்ஸ்கேன் என்ற இலவசத் தளத்தில் லிங்கை ஒட்டினால், அது தன் கணினியில் திறந்து பார்த்து, பக்கத்தின் படத்தையும் அது இருக்கும் சர்வரின் ஐபி எண்ணையும் (இணையத்தில் அந்தக் கணினியின் முகவரி) கொடுக்கும். அந்த முடிவுக்கென்று தனி லிங்க்கும் கிடைக்கும், புகாரில் அப்படியே சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை: லிங்கில் உங்கள் போன் எண்ணோ மின்னஞ்சலோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பொதுவில் எல்லோருக்கும் தெரியும்படி ஸ்கேன் செய்யாதீர்கள்.

என் முதல் புகார் தோற்றது இந்த இடத்தில்தான். இப்படிப்பட்ட பக்கங்களில் பல மொபைலில் மட்டும், அதுவும் இந்திய இணைப்பில் மட்டும்தான் திறக்கும். புகாரைப் படிப்பவர் வேறு நாட்டில் உட்கார்ந்து கணினியில் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வரும். ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார். அதனால் "ஆண்ட்ராய்டு போனில், இந்திய மொபைல் இணைப்பில் தெரிகிறது" என்று, லிங்க் வந்தவர் ஏற்கெனவே திறந்து பார்த்தபடி, ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

படி 3: யாருக்கு அனுப்புவது?

பலரும் சறுக்கும் இடம் இது. டொமைன் பெயரை விற்றவர் ரெஜிஸ்ட்ரார். பக்கத்தைத் தன் சர்வரில் வைத்திருப்பவர் ஹோஸ்டிங் நிறுவனம். இரண்டும் பல சமயம் வேறு வேறு ஆட்கள்.

உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் (தேடல்) பக்கத்தில் டொமைனைப் போடுங்கள். ரெஜிஸ்ட்ராரின் பெயர், புகாருக்கான மின்னஞ்சல், டொமைன் பதிவான தேதி எல்லாம் வரும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அது நமக்குத் தேவையில்லை. பார்க்க வேண்டியது பதிவுத் தேதியை. சித்திக்கு வந்தது மூன்று நாளைக்கு முன் பதிவான டொமைன். மோசடிக்கென்றே வாங்கியது, ஆகவே ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பினேன்.

அதுவே எட்டு வருடப் பழைய டொமைன், யாரோ ஒரு தையல் கடைக்காரருடையது, அதன் உள் ஃபோல்டரில் போலிப் பக்கம் என்றால், கடைக்காரரின் தளத்தை யாரோ உடைத்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். டொமைனை முடக்கினால் அந்தப் பாவப்பட்ட மனிதரின் மின்னஞ்சல் உட்பட எல்லாம் நின்றுவிடும். அங்கே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் கடைக்காரருக்கும் எழுதுவதுதான் நியாயம். ஐபி எண்ணை வைத்து ஹோஸ்டிங் யாரென்று தேடலாம். தளங்களுக்கு முன்னால் இடையில் நிற்கும் சேவையான கிளவுட்ஃப்ளேர் என்று வந்தால் உண்மையான சர்வர் அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது. அவர்களுடைய புகார்ப் படிவத்தில் எழுதினால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குக் கைமாற்றுவார்கள். பிளாக்ஸ்பாட், கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடங்களில் இருந்தால் நேரே அந்தச் சேவைக்கே புகார் செய்யுங்கள்.

உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. 2024 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கும் ஐகான் ஒப்பந்தத் திருத்தப்படி, ஃபிஷிங் (போலிப் பக்கம் காட்டி விவரம் திருடுவது), மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) போன்றவற்றுக்குச் செயல்படத்தக்க ஆதாரம் கிடைத்தால் ரெஜிஸ்ட்ரார் உடனடியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். காம், டாப் போன்ற பொது முடிவுகளுக்குத்தான் இது பொருந்தும். இன் என்று முடியும் டொமைன்கள் நிக்சி என்ற இந்திய அமைப்பின் கீழ் வருகின்றன. அவதூறு, பதிப்புரிமைச் சண்டைகளுக்கும் இந்த வழி உதவாது.

படி 4: கடிதம்

எளிய ஆங்கிலத்தில், சுருக்கமாக எழுதுங்கள். நான் இரண்டாவது முறை அனுப்பியதன் சாரம் இது:

பொருள்: ஃபிஷிங் புகார், சலான்கட்டு[.]டாப்
இந்த டொமைன் இந்திய அரசின் அபராதம் கட்டும் தளம்போல் நடித்து கார்டு விவரங்களைத் திருடுகிறது. உண்மையான தளம் பரிவாகன்.ஜிஓவி.இன் முகவரியில் இருக்கிறது. முழு லிங்க் கீழே. பார்த்த நேரம் இது. இந்திய மொபைல் இணைப்பில் மட்டும் திறக்கிறது. படங்களும் ஸ்கேன் முடிவும் இணைப்பில். டொமைனை முடக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புள்ளியைச் சதுர அடைப்புக்குள் போட்டது காரணமாகத்தான். லிங்க் உயிரோடு இருந்தால் மின்னஞ்சல் வடிகட்டி கடிதத்தையே தடுத்துவிடக்கூடும், படிப்பவரும் தவறிக் கிளிக் செய்துவிடலாம். மிரட்டலும் கோபமும் வேண்டாம். ஒரு டொமைனுக்கு ஒரு கடிதம்.

படி 5: கூடவே இவையும்

கூகுள் சேஃப் பிரவுசிங்கின் ஃபிஷிங் படிவத்தையும் நிரப்புங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் தளம் மூடப்படுவதற்கு முன்பே குரோமில் சிவப்பு எச்சரிக்கை வரத் தொடங்கும். ரெஜிஸ்ட்ராரைத் தேடுவது சிரமமாக இருந்தால் நெட்பீக்கன் என்ற இலவசச் சேவை புகாரை உரியவருக்கு அனுப்பிவைக்கும். வந்த செய்தியைப் பற்றி, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் சொல்லலாம்.

படி 6: பின்தொடருங்கள்

இரண்டு நாள் கழித்து லுக்அப் பக்கத்தில் மறுபடி பாருங்கள். நிலை என்ற இடத்தில் கிளையன்ட் ஹோல்டு என்று இருந்தால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை முடக்கிவிட்டார். அப்படி இல்லை, தளமும் இன்னும் திறக்கிறது என்றால், புதுக் கடிதம் எழுதாமல், முதல் புகாருக்கு அவர்கள் கொடுத்த டிக்கெட் எண்ணோடு (புகார் எண்) பதில் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஐகானின் புகார்ப் படிவம் இருக்கிறது. உங்கள் கடிதங்களின் நகலை அதில் இணைக்க வேண்டும், அழித்துவிடாதீர்கள்.

சித்திக்கு அடுத்த வாரமே வேறு பெயரில் அதே மாதிரி லிங்க் வந்தது. அதே ரெஜிஸ்ட்ரார், அதே பக்கம். பழைய டிக்கெட் எண்ணையும் குறிப்பிட்டு அனுப்பினேன். இந்த முறை கடிதம் எழுத எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது.