வார்டில் சேர்க்கப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில், பினாங்கில் ஒரு மருத்துவமனையின் சேர்க்கைக் கவுண்டரில் 11 வருடம் வேலை பார்த்தேன். "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்காத குடும்பமே இல்லை. கட்டில் காலியாகாமல் காத்திருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டில் தயாராக இருந்தும் தாள் சரியில்லாமல், வயதானவர் சக்கர நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதுதான் மனசை உறுத்தும்.

பெரும்பாலும் தகராறு பெயரில்தான் தொடங்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஐசி என்கிற அடையாள அட்டையில் சொந்தப் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் ஒருமுறை அப்பா பெயரை எழுதுவார்கள், அடுத்தமுறை தன் பெயரை எழுதுவார்கள். எழுத்துக்கூட்டலும் மாறும். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு உருவாகிவிடும். ஒரு பாட்டிக்கு அப்படித்தான் ஆனது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று பழைய கோப்பில் எழுதியிருந்தது, நான் திறந்த புதிய கோப்பில் இல்லை. கூட வந்த மகள் வாய் திறந்து சொன்னதால் தப்பித்தோம். ஆகவே பெயரை வாயால் சொல்லிவிட்டு நிற்காதீர்கள், ஐசியையே நீட்டுங்கள். அதிலுள்ள 12 இலக்க எண் யாருக்கும் இரண்டாக இருக்காது. "ஏற்கெனவே இங்கே பார்த்திருக்கிறோம், பழைய கோப்பு இருக்கும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது மருந்து. நிபோங் திபாலிலிருந்து பாலம் தாண்டி வந்த ஒரு குடும்பம், அப்பாவின் மாத்திரைகளை மைலோ டின்னில் கொட்டிக் கொண்டுவந்தது. வெள்ளை, மஞ்சள், பாதி உடைந்தது எல்லாம் கலந்து கிடந்தன. "தம்பி, இதில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தது எது?" என்று தாதி கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே மத்தியானம் போய்விட்டது. மாத்திரையை அட்டையோடும் பெயர் ஒட்டிய உறையோடும் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் உறையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நாட்டு மருந்து, கஷாயம் ஏதும் சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரென்று வாய் கோணுவது என்றால் உடனே அவசர எண் 999-க்குப் போன் போடுங்கள். தாள் பின்னால் வரட்டும்.

செலவுக்கான உத்தரவாதக் கடிதத்தை, நாம் ஜிஎல் என்பதை, சேரும் நாள் காலையில் கேட்பது இன்னொரு தவறு. அறுவை சிகிச்சை தேதி தெரிந்த அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பம் போகவேண்டும். அவர்கள் டாக்டரிடம் கேள்வி கேட்பார்கள், பதில் போகவேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பிள்ளை அரசாங்க ஊழியர் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெற்றோருக்கும் ஜிஎல் சலுகை உண்டு. அது தெரியாமல் கையிலிருந்து பணம் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் தே தாரிக், அதாவது பால் தேநீரும் கூடாது. பால் கலந்தது சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். "ஒரு வாய்தான் குடித்தார்" என்று சொல்லும்போதே அன்றைய அறுவை சிகிச்சை தள்ளிப்போவது தெரிந்துவிடும். எத்தனை மணிக்குமேல் எதுவும் கூடாது, சர்க்கரை மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சேர்க்கையோடு சேர்த்து நினைப்பதே இல்லை. காலையில் டாக்டர் வந்து "வீட்டுக்குப் போகலாம்" என்பார். குடும்பமோ வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். அதுவரை அந்தக் கட்டில் காலியாகாது. கீழே அவசரப் பிரிவில் இன்னொருவர் தள்ளுவண்டியில் படுத்திருப்பார். வார்டில் சேர்க்கும்போதே, பகலில் வந்து கூட்டிப்போகக் கூடிய ஒருவரின் போன் எண்ணைத் தாதியிடம் கொடுத்துவிடுங்கள். அண்ணனோ தம்பியோ அத்தையோ, யாராக இருந்தாலும் சரி, பகலில் போனை எடுப்பவராக இருக்கவேண்டும்.