பழைய காரில் துணைத் திரையும் ரிவர்ஸ் கேமராவும்: முதல்முறை பொருத்துவோருக்கு

2011ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் வேகன் ஆர் காரை வீட்டிலிருந்து பின்னோக்கி எடுக்கும்போதெல்லாம், யாராவது ஒருவர் தெருவில் இறங்கி நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்ட வேண்டியிருந்தது. இந்தியாவில் புதிய கார்களுக்குப் பின்புற பார்க்கிங் சென்சார் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான் என்பதால், அதற்கு முந்தைய சிறிய கார்கள் பலவற்றின் நிலை இதுவே. அந்தக் குறையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாமே தீர்த்துக்கொள்ளலாம். பொறுமையும், மின்னழுத்தம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

காரின் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடுவது ஒரு வழி. அதற்கு டேஷ்போர்டில் ஏறத்தாழ 18 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட இரட்டை டின் இடம் வேண்டும். அந்தக் கார் மாதிரிக்கு உரிய ஃபிரேமும் ஒயர் சாக்கெட்டும் தனியாக வாங்க வேண்டும். இங்கே நான் விளக்குவது எளிய வழி. டேஷ்போர்டின் மேல் ஒட்டி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் 7 அங்குலத் துணைத் திரையைப் பொருத்துவதுதான் அது. போனின் மேப்பையும் பாட்டையும் கார்த் திரையில் காட்டும் கார்ப்ளே (ஐபோன்) அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ இதில் ஓடும். காரின் அசல் ஒயரிங்கில் ஓர் இடத்தில் மட்டுமே கை வைக்கிறோம்.

பெட்டியைப் பிரித்ததும் கேமராவின் ஒயரைக் கவனியுங்கள். இரண்டு வகைகள் வழக்கத்தில் உள்ளன. முதல் வகையில் படத்தைக் கொண்டுபோகும் மஞ்சள் ஆர்சிஏ பின்னும் (பழைய டிவிடி பிளேயரில் இருக்கும் உருண்டைப் பின்), கேமராவுக்கென்று சிவப்பு, கறுப்பு மின்ஒயர்களும் இருக்கும். இரண்டாம் வகையில் 2.5 மி.மீ. ஜாக் கொண்ட ஒரே ஒயர் வரும். கேமராவுக்கான மின்சாரத்தைத் திரையே கொடுத்துவிடும், பின்முனையில் ஒற்றைச் சிவப்பு ஒயர் மட்டும் தனியே நீட்டிக்கொண்டிருக்கும். எதுவானாலும், காரில் ஒரு திருகைக் கூடக் கழற்றுவதற்கு முன், எல்லாவற்றையும் இருக்கையின் மேல் விரித்து இணைத்து இயக்கிப் பாருங்கள். முதல் வகைக் கேமராவுக்கு, பழைய பிராட்பேண்ட் மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் இந்தச் சோதனைக்குப் போதும். கூரை உறைக்குள் ஆறு மீட்டர் ஒயரை ஓட்டி முடித்த பிறகு கேமரா பழுது என்று தெரிந்தால் வரும் எரிச்சலை இந்தப் பத்து நிமிடம் மிச்சப்படுத்தும்.

ரிவர்ஸ் விளக்கின் ஒயரைக் கண்டுபிடித்தல்

வேலையின் உயிர்நாடி இதுதான். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் முட்டுக் கொடுங்கள். டிக்கியைத் திறந்து, பின்விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கூட்டை நேராகப் பின்னோக்கி இழுங்கள்; நெம்பினால் பிளாஸ்டிக் முளை உடையும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்து ரிவர்ஸ் கியர் போட்டால் வெள்ளை விளக்கு எரியும். சில கார்களில் இந்த விளக்கு ஒரு பக்கம்தான் இருக்கும் என்பதால், கழற்றுவதற்கு முன்பே எந்தப் பக்கம் எரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் அந்த விளக்கின் ஹோல்டருக்குச் செல்லும் ஒயர்களைத் தொடுங்கள். ரிவர்ஸ் கியரில் 12 வோல்ட் அளவில் காட்டி, கியரை எடுத்ததும் பூஜ்யத்துக்கு வருவதே நமக்கு வேண்டிய பாசிட்டிவ் ஒயர். நம்பர் பிளேட் விளக்கு பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதிலிருந்து இணைப்பு எடுப்பவர்கள் உண்டு. பார்க் விளக்கோ ஹெட்லைட்டோ போட்டால் மட்டுமே அதில் மின்சாரம் வரும் என்பதால், பகலில் அந்தக் கேமரா வேலை செய்யாது.

ஒயர் தெரிந்த பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் இருந்தால் அதை முதலில் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். அசல் ஒயரைத் துண்டிக்கக் கூடாது. அதன் மேலுறையை அரை அங்குலம் சீவி, கேமராவின் சிவப்பு ஒயரைச் சுற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து (சால்டர் செய்து), துணி டேப் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை நம் ஊர் சித்திரை வெயிலில் இளகி, ஒரே கோடையில் பிரிந்து தொங்கும். கறுப்பு ஒயரை விளக்கின் எர்த் ஒயருடனோ பாடியில் உள்ள போல்ட்டுடனோ சேர்க்கலாம்.

இங்கேதான் நான் அரை நாளைத் தொலைத்தேன். முதல் வகை ஆர்சிஏ ஒயரின் இரு முனைகளிலும் மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று வெளியே வரும். என் ஒயரில் அது டேப்பால் மடக்கி ஒட்டப்பட்டிருந்ததால், தேவையில்லாதது என்று விட்டுவிட்டேன். கேமரா இயங்கியது, திரை மட்டும் ரிவர்ஸ் போட்டாலும் மேப்பைக் காட்டிக்கொண்டே இருந்தது. "இப்போது ரிவர்ஸ், படத்தை மாற்று" என்று திரைக்குச் சொல்வது அந்த மெல்லிய ஒயர்தான். பின்முனையை ரிவர்ஸ் விளக்கின் பாசிட்டிவுடனும், முன்முனையைத் திரையின் ரிவர்ஸ் ஒயருடனும் இணைக்க வேண்டும். இரண்டாம் வகையில் அந்த ஒற்றைச் சிவப்பு ஒயர் செய்வதும் இதே வேலைதான்.

கேமராவும் ஒயரும்

கேமராவை நம்பர் பிளேட்டுக்கு மேலே, காரின் நடுக்கோட்டில் வையுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் பதிவான கார்களிலும், பழைய கார்கள் சிலவற்றிலும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கழற்ற முடியாத பூட்டுடன் பொருத்தப்பட்டிருக்கும். அதைத் தொட வேண்டாம், எண்ணையும் மறைக்க வேண்டாம். பாடியில் துளையிடுவதை நான் கூடியவரை தவிர்ப்பேன். துளையிட்டே ஆக வேண்டுமானால், உலோக விளிம்பில் பெயின்ட் தடவி, ரப்பர் வளையம் போட்ட பிறகே ஒயரை நுழையுங்கள். இல்லையென்றால் துருவும் வரும், ஒயரும் அறுபடும்.

டிக்கிக் கதவிலிருந்து கூரைக்குப் போகும் மடிப்பு ரப்பர் குழாய் வழியாகத்தான் ஒயர் போக வேண்டும். ரப்பரின் இரு முனைகளையும் பிதுக்கி எடுத்து, பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை உள்ளே விட்டு, அதன் நுனியில் ஒயரைக் கட்டி இழுங்கள். வராமல் முரண்டு பிடித்தால் சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீஸோ எண்ணெயோ நாளடைவில் ரப்பரை ஊதச் செய்யும். அங்கிருந்து கூரை உறையின் ஓரத்தில் விரலால் அழுத்திக்கொண்டே வந்து, கதவு ரப்பர் பீடிங்குக்குள் இறக்கி, டேஷ்போர்டு வரை கொண்டுவாருங்கள். முன்கண்ணாடித் தூணிலோ கூரை ஓரத்திலோ ஏர்பேக் குறி இருந்தால் அந்த வழியை விட்டுவிட்டு, கதவின் கீழ்ப் படிக்கட்டு உறைக்குள் ஓட்டுங்கள். டிக்கியை நாலைந்து முறை திறந்து மூடி, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று உறுதிசெய்த பிறகு உறைகளை மூடலாம்.

திரை

ஒட்டும் இடத்தில் டேஷ்போர்டு பாலிஷ் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து, ஒட்டிய பின் ஒரு நாள் விட்டுவிடுங்கள். திரை சாலையை மறைக்கக் கூடாது, ஏர்பேக் மூடியின் மேலும் வரக் கூடாது. சாவியை எடுத்த பிறகும் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். இருந்தால் இறங்கும்போதெல்லாம் பிளக்கை உருவ வேண்டும். மறந்தால் பேட்டரி இறங்கிவிடும்.

பாட்டுச் சத்தத்துக்கு, திரையையும் ஸ்டீரியோவையும் நேரடியாக இணைக்கும் ஆக்ஸ் ஒயரே சிறந்தது. இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் 'ஙொய்' சத்தம் கேட்டால், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறிய பெட்டியை இடையில் போட்டால் அடங்கும். ஆக்ஸ் இல்லாத ஸ்டீரியோவுக்கு எஃப்எம் வழிதான், அதாவது திரை அனுப்பும் பாட்டை ஸ்டீரியோவின் ரேடியோவில் பிடிப்பது; சென்னையில் 91.1 முதல் 94.3 வரை நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதால், 88க்கும் 90க்கும் இடையில் காலியான அலைவரிசையைத் தேடுங்கள்.

பேட்டரியை மீண்டும் இணைத்து, ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். இடது வலது மாறித் தெரிந்தால், கேமரா ஒயரில் வளையமாக விடப்பட்டிருக்கும் சிறிய ஒயர்களில் ஒன்றை வெட்ட வேண்டியிருக்கும்; பெரும்பாலும் ஒன்று படத்தைத் திருப்புவதற்கும், மற்றொன்று திரையில் தெரியும் பார்க்கிங் கோடுகளை நீக்குவதற்கும் உரியது, ஆனால் எந்த நிறம் எதற்கு என்று கையேட்டைப் பார்த்த பிறகே கத்தரியை எடுங்கள்.

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அளக்காமல் நம்பக் கூடாது. கேமராவின் உயரமும் சாய்வும் அறியாமல் வரையப்பட்ட கோடுகள் அவை. பம்பரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தொலைவுகளில் தரையில் செங்கல் வைத்து, எந்தச் செங்கல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பாருங்கள். கேமராவைச் சற்றே மேலும் கீழும் சாய்த்து, சிவப்புக் கோட்டை அரை மீட்டர் செங்கல்லின் மேல் நிறுத்துங்கள். எங்கள் காரில் முதலில் சிவப்புக் கோடு விழுந்த இடத்துக்கும் பம்பருக்கும் இடையே ஒரு சாணே இருந்தது.